மாடு திறப்பு விழா

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பால்காரருடைய கருப்பு மாடு செத்துப்போனது. ஏழரைக்கு டெம்போக்காரருக்குப் போன் வந்தது. அந்த ஊரில் மாடு செத்தாலும் குதிரை செத்தாலும் போன் போவது அவருக்குத்தான். செத்ததை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே மூடப்பட்ட கல்குவாரிக்குப் பக்கத்தில் இருக்கும் திடலில் இறக்கிவிட்டு வர வேண்டும். அதற்குமேல் பிணந்தின்னிக் கழுகுகள் பார்த்துக்கொள்ளும். பதினெட்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு. அவர் கொண்டுவந்து போடுவார், அவை தின்னும். இரண்டு தரப்பும் இதற்காக ஒரு கூட்டம்கூட நடத்தியதில்லை.

ஒரு காலத்தில் எழுபது எண்பது கழுகுகள் இறங்கும். ஒரு மாட்டை அரைமணி நேரத்தில் வெறும் எலும்பாக்கிவிட்டுப் பறந்துபோகும். நாற்றமும் இருக்காது, நாய்க்கூட்டமும் சேராது, நோயும் ஊருக்குள் வராது. பிறகு வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தன. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் கொண்டுபோய்ப் போட்ட ஒரு மாட்டைத் தின்ற பதினான்கு கழுகுகள், அடுத்த சில நாட்களில் கிளைகளில் கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்து, ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. அவற்றைப் பொறுக்கி எடுத்ததும் அவர்தான். கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு டைக்ளோஃபினாக் ஊசி போட்டிருக்காங்க. வலிக்குப் போடுற மருந்து. மாட்டுக்குப் போடக் கூடாதுன்னு தடை இருக்கு. அந்தக் கறியைத் தின்னா இதுங்களுக்குச் சிறுநீரகம் போயிடும்" என்றார். டெம்போக்காரர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. கொண்டுபோய்ப் போட்டது தன் கைதானே என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது மிஞ்சியிருந்தவை ஒன்பது. அதில் ஒரு ஜோடி குவாரிப் பாறை இடுக்கில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான். அதனால் மாட்டை ஏற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பதை அவர் வழக்கமாக வைத்திருந்தார்.

"வலி ஊசி எதாவது போட்டீங்களா?"

பால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போடாம இருப்பேனா? மூணு நாளா காலையும் சாயங்காலமும் ஊசி. மனுஷங்களுக்குப் போடுற மருந்துதான், நல்லா கேட்கும்னு ஊசிக்காரர் சொன்னாரு." தொழுவத்து மூலையிலிருந்து மூன்று காலி பாட்டில்களை எடுத்துக் காட்டினார். டெம்போக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார். அதே பெயர்.

இந்த மாட்டைத் திடலில் போட முடியாது. எட்டடிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். அந்தக் கற்பூமியில் மண்வெட்டியால் தோண்டினால் அடுத்த மாசம்தான் முடியும். ஊரில் பொக்லைன் வைத்திருந்தது ஒரே இடம், இயற்கைப் பாதுகாப்பு அலுவலகம். பாட்டில்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மாட்டை டெம்போவில் ஏற்றி, அதன் மேல் சுண்ணாம்பைக் கொட்டித் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டிவிட்டு அவர் அங்கே போனார்.

அலுவலக வாசலைப் பார்த்ததும் அவருக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. கட்டடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பேனர். "பிணந்தின்னிக் கழுகு விழிப்புணர்வு வாரம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் காலில் மீனைப் பற்றிக்கொண்டு பறக்கும் ஒரு பறவையின் படம். அது கழுகுதான், ஆனால் அந்தக் கழுகு இல்லை. சரி, மனசு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

வரவேற்பு மேசை எழுத்தர், "என்ன விஷயமா வந்தீங்க?" என்றார்.

"கழுகு விஷயமா."

"அப்பாடா!" என்று எழுத்தர் நோட்டைத் திறந்து 'பொதுமக்கள்: 1' என்று எழுதிக்கொண்டார். பிறகு ஒரு தொப்பியை எடுத்து டெம்போக்காரர் தலையில் வைத்து, விழிப்புணர்வு அலுவலரின் அறைக்கு அனுப்பினார்.

விழிப்புணர்வு அலுவலர் மெலிந்த, ஆர்வமான மனிதர். டெம்போக்காரர் நின்றபடியே சொன்னார்: "சார், ஊசி போட்ட மாடு ஒண்ணு என் வண்டியில இருக்கு. திடல்ல போட முடியாது. உங்க பொக்லைனை ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா புதைச்சுடுவேன்."

"முதல்ல உட்காருங்க. ஊசி போட்ட மாட்டைக் கழுகு தின்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"செத்துப்போகும் சார்."

அலுவலரின் முகம் வாடிவிட்டது. "அது நான் திரையில போட்டுக் காட்டுறதுல நாற்பத்திரண்டாவது படத்துல வரவேண்டிய விஷயம். நீங்க பாட்டுக்கு முதல்லயே போட்டு உடைச்சா எப்படி? படிப்படியா உணர்வு பெறணும்ல?"

"பாட்டிலும் கொண்டாந்திருக்கேன் சார்."

பாட்டில்களைப் பார்த்ததும் அலுவலர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதுதான்! இதுக்குத்தான் நாலு நாளா அலைஞ்சேன்!" என்று அவற்றைத் தானே கையில் ஏந்திக்கொண்டு கண்காட்சி அறைக்கு ஓடினார். டெம்போக்காரர் பின்னாலேயே ஓடினார். அங்கே கண்ணாடிப் பெட்டி ஒன்றில், 'தடை செய்யப்பட்ட மருந்து' என்ற அட்டைக்கு முன்னால் இடம் காலியாக இருந்தது. அலுவலர் பாட்டில்களை அடுக்கி, 'மாதிரி. வழங்கியவர்: ஒரு குடிமகன்' என்று எழுதி வைத்துப் பெட்டியைப் பூட்டினார்.

"சார், பொக்லைன்?"

"அது பிஸியா இருக்கு. இருபத்தஞ்சடி உயரத்துல கழுகுச் சிலை வைக்கிறோம்ல, அதுக்கு அஸ்திவாரம் தோண்டுது."

"எங்க சார்?"

"கழுகுத் திடல்லதான். வேற எங்க பொருத்தமா இருக்கும்?"

கழுகுகள் இறங்கும் இடத்தின் நட்டநடுவே என்பதை டெம்போக்காரர் மனசுக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொண்டார். வேறு வழி உண்டா என்று கேட்டார். மனு கொடுக்கலாம். ஆனால் இந்த வாரம் முழுக்கக் கழுகு சம்பந்தமான மனுக்களை, விழிப்புணர்வுச் சான்றிதழ் பெற்றவர்களிடமிருந்து மட்டுமே வாங்குவார்கள். சான்றிதழுக்கு நாளைக் காலை தேர்வு. விழா புதன்கிழமை, அமைச்சர் வருகிறார்.

அவர் வெளியே போவதற்குள் கண்காணிப்பாளர் அவரைக் கையைப் பிடித்துக் கூட்ட அறைக்குள் இழுத்துக்கொண்டார். பெயர் மாற்றக் குழு கூடியிருந்தது. பொதுமக்கள் சார்பில் ஒருவர் இல்லாவிட்டால் முடிவு செல்லாது.

"பிரச்சினை இதுதான்," என்று கண்காணிப்பாளர் அழைப்பிதழைத் தூக்கிக் காட்டினார். "மேல அமைச்சர் பேரு, அதுக்கு நேர் கீழ 'பிணந்தின்னி'ன்னு வருது. படிக்கிறவங்க எதை எதோட சேர்த்துப் படிப்பாங்கன்னு சொல்ல முடியாது."

எல்லோரும் கவலையோடு தலையசைத்தார்கள். ஒன்றேமுக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் அந்தப் பறவையை இனி 'தூய்மைத் தூதர்' என்று அழைப்பது என்று முடிவாயிற்று. தூதர் என்று மொட்டையாகச் சொல்வது மரியாதையாக இல்லை, 'அவர்கள்' சேர்க்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். அதுவும் நிறைவேறியது.

"ஆனா அதுங்க பிணத்தைத்தானே சார் தின்னுது?" என்றார் டெம்போக்காரர்.

"அது அவங்க சொந்த விஷயம்," என்றார் கண்காணிப்பாளர்.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்பக்கம் டெம்போவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது, அவர் மனைவி தையல் மெஷினுக்கு முன்னால் ஒரு பெரிய இறக்கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விழாவுக்குக் கழுகு வேஷ உடை தைக்கும் வேலை அவருக்குத்தான் வந்திருந்தது. இது மூன்றாவது தடவை.

"மொட்டைத் தலை வேணாமாம்," என்றார் அவர். "பார்க்க உற்சாகமா இல்லையாம். கொண்டை வைக்கச் சொன்னாங்க, வச்சேன். சேவல் மாதிரி இருக்குன்னாங்க. இப்ப வாலை நீட்டி, நீலத் துணி வைக்கச் சொல்லிருக்காங்க. நாளைக்கு அது மயில் ஆயிடும், பாருங்க. சரி, வண்டியில என்னங்க அப்படி நாறுது? இன்னும் மாட்டை இறக்கலையா?"

டெம்போக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்த முட்டை?"

"இருக்கு. ஆணும் பொண்ணும் மாறி மாறி உட்காருதுங்க. இன்னும் ரெண்டு வாரத்துல பொரிஞ்சுடும்."

"அப்ப நாளைக்குப் போய்ப் பரீட்சை எழுதுங்க. பதினெட்டு வருஷமா அதுங்களோடயே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததையா கேட்டுடப் போறாங்க?" என்று அவர் நூலைப் பல்லால் கடித்தார்.

அவருக்குத் தெரியாததைத்தான் கேட்டார்கள். பத்துக் கேள்விகள். 'நம் பகுதியில் தூய்மைத் தூதர் அவர்கள் எத்தனை பேர்?' என்ற கேள்விக்கு அவர் ஒன்பது என்று எழுதினார். சரியான விடை, 'கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது'. 'தூய்மைத் தூதர் அவர்களைக் காப்பது யாருடைய கடமை?' என்பதற்கு அவர் 'அலுவலகம்' என்ற விடையில் டிக் அடித்தார். சரியான விடை, 'பொதுமக்கள்'. 'அவர்களின் முக்கிய உணவு யாது?' என்ற கேள்விக்குச் செத்த மாடு என்று எழுதியதற்கு அரை மதிப்பெண் கொடுத்து, நாகரிகமாக எழுதவில்லை என்று அதையும் கழித்துக்கொண்டார்கள். பத்துக்கு இரண்டு.

"ரொம்பப் பேரு நல்லாதான் எழுதியிருக்காங்க," என்றார் விழிப்புணர்வு அலுவலர் ஆறுதலாக. "கழுகையே பார்க்காதவங்க எல்லாம் பத்துக்குப் பத்து. உங்களுக்கு அனுபவம் கொஞ்சம் இடைஞ்சலா இருக்கு."

வாசலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டெம்போவில் இருந்த மாடும் தன் பங்குக்கு ஊதிக்கொண்டிருந்தது. பதினோரு மணி வாக்கில் நாற்றம் மாடிப்படி ஏறி இயக்குநரின் அறைக்குள் போயிற்று. அவர் மூக்கில் கைக்குட்டையோடு இறங்கி வந்தார். பின்னால் கண்காணிப்பாளர், அவருக்குப் பின்னால் இரண்டு எழுத்தர்கள், எல்லோரும் பதவி வரிசைப்படி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள்.

"என்னய்யா இது?"

"மாடு சார்."

"செத்ததா?"

"ஆமா சார். முந்தாநாள் வரைக்கும் ஊசி போட்டிருக்காங்க. அதான் சார் ஒரு குழி..."

இயக்குநரின் காதில் அதற்கு மேல் எதுவும் விழவில்லை. அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு மாட்டைப் பார்த்தார். ஒரு வாரமாக அவரை உறுத்திக்கொண்டிருந்த கவலை ஒன்று உண்டு. அமைச்சர் வந்து நிற்கும்போது ஒரு கழுகாவது வர வேண்டும். சுற்றறிக்கை அனுப்பி வரவழைக்கிற இனம் இல்லை அது.

"கண்காணிப்பாளரே," என்றார் தழுதழுத்த குரலில், "இது தானா வந்து சேர்ந்த மாடு. திடல்ல, மேடைக்கு எதிர்ல வைக்கிறோம். மேல ஒரு பச்சைத் துணி, சுத்தி ரிப்பன். அமைச்சர் ரிப்பனை வெட்டி, துணியை எடுத்து மாட்டைத் திறந்து வைக்கிறாரு. தூய்மைத் தூதர் அவர்கள் மொத்தமா இறங்குறாங்க. போட்டோ!"

டெம்போக்காரர் வண்டிக்குக் குறுக்கே போய் நின்றார். "சார், இதைத் தின்னா ஒன்பதும் செத்துடும் சார்! ஊசி போட்ட மாடு!"

"ஆதாரம்?"

"பாட்டில் குடுத்தேன் சார். கண்காட்சியில வச்சிருக்காங்க."

"கண்காட்சியில இருக்கிறது மாதிரி. அட்டையிலயே எழுதியிருக்கு. மாதிரி எப்படிய்யா ஆதாரமாகும்?" என்றார் இயக்குநர் பொறுமையாக. "மாட்டு ஈரலை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பணும். முடிவு வர நாற்பத்தஞ்சு நாள். அதுவரைக்கும் சட்டப்படி இது ஆரோக்கியமான மாடு."

"செத்த மாடு சார்."

"ஆரோக்கியமா செத்த மாடு. கண்டதைப் பேசி அரசாங்க விழாவைக் கெடுக்கப் பார்த்தா செத்த மாடு அள்ள நாங்க உனக்குக் குடுத்த ஒப்பந்தம் என்ன ஆகும்னு யோசிச்சுக்கோ."

பத்து நிமிஷத்தில் எழுத்து மூலம் உத்தரவு வந்தது. 'மேற்படி மாட்டினைத் தூய்மைத் தூதர் அவர்களின் பயன்பாட்டுக்காக உடனடியாகத் திடலில் சேர்ப்பிக்கவும்.' கீழே அலுவலகத்தின் முத்திரை. அதற்கும் கீழே சிறிய எழுத்தில், 'ஊசி போட்ட மாட்டைத் தவிர்ப்போம், தூதரைக் காப்போம்' என்ற வாசகம். அந்த வாரம் எல்லாக் காகிதத்திலும் அதைத்தான் அச்சடித்திருந்தார்கள்.

திடல் அடையாளமே தெரியவில்லை. மேடை, கூடாரம், நூற்றுக்கணக்கில் நாற்காலிகள், மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி. தரையெல்லாம் பிளீச்சிங் பவுடர். மாட்டை இறக்கியதும் ஆட்கள் அதைச் சுற்றி நான்கு கம்புகளை நட்டு, மூங்கில் சட்டம் கட்டி, மேலே பச்சைத் துணியை இழுத்து விட்டார்கள். சிவப்பு ரிப்பனைச் சுற்றி ஒரு பூ முடிச்சும் போட்டார்கள்.

முப்பதடி தள்ளி சிலைக்கான குழி இருந்தது. பொக்லைன் ஓட்டுநர் வண்டி நிழலில் படுத்திருந்தார். அவரும் டெம்போக்காரரும் பழைய பழக்கம்.

"எவ்வளவு ஆழம்?" என்றார் டெம்போக்காரர்.

"ஆறடி சொன்னாங்க. மைக் சத்தத்துல சரியா கேட்கல. எட்டடி தோண்டிட்டேன். நாலு மணிக்கு கான்கிரீட் வண்டி வருது." ஓட்டுநர் கொட்டாவி விட்டார். "ஏன், முகம் ஏன் இப்படி இருக்கு?"

டெம்போக்காரர் சொன்னார். ஓட்டுநர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு குழியைப் பார்த்தார், பச்சைத் துணியைப் பார்த்தார்.

"எட்டடி போதுமா?" என்றார் ஓட்டுநர்.

"போதும்."

ஆனால் திடலில் பன்னிரண்டு அதிகாரிகள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே எப்படி எடுப்பது? காலையிலிருந்து 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று அலறிக்கொண்டிருந்த ஒலிபெருக்கிதான் அதுவரை கழுகுகளை அண்டவிடாமல் வைத்திருந்தது. அந்த வாரத்தில் விழிப்புணர்வு இயக்கம் கழுகுகளுக்குச் செய்த ஒரே நன்மை அதுதான். இரண்டரை மணிக்கு மைக்செட்காரர்கள் சாப்பிடப் போனார்கள். சத்தம் நின்றது. குவாரி விளிம்பிலிருந்து ஒரு கழுகு இறக்கையை விரித்துக் கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று. வட்டம் போட்டு, வட்டம் போட்டு இறங்கின. முதலாவது வந்து பச்சைத் துணிக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து கழுத்தை நீட்டியது. துணியின் ஓரம் காற்றில் தூக்கிக்கொண்டு அடித்தது.

டெம்போக்காரர் கூடாரத்துக்கு ஓடினார். அங்கே அவர் மனைவி உடையோடு காத்திருந்தார். கழுகு வேஷம் போட வேறு யாரும் சம்மதிக்காததால் விழிப்புணர்வு அலுவலரே போட்டுப் பார்ப்பதாக இருந்தது.

"இறங்கிடுச்சு," என்றார் அவர், மூச்சிரைக்க. "ஒரு அரைமணி நேரம் இவங்க யாரும் அந்தப் பக்கம் பார்க்காம இருக்கணும்."

மனைவி கையிலிருந்த உடையைப் பார்த்தார். முதுகுப்பக்கம் கழுத்திலிருந்து இடுப்பு வரை நீளமான ஜிப். "போங்க," என்றார். "ஒரு மணி நேரமே தர்றேன்."

அலுவலர் உடைக்குள் புகுந்தார். அந்த அம்மாள் ஜிப்பை மேலே இழுத்து, கடைசியில் துணியோடு சேர்த்து ஒரு கடி கடிக்கவிட்டார். "ஐயோ சார், மாட்டிக்கிச்சே!" என்றார்.

"பரவாயில்ல, கழட்டுங்க."

"வரமாட்டேங்குது சார்."

நீல வாலும் சிவப்புக் கொண்டையுமாக அலுவலர் கூடாரத்துக்குள் குதிக்க ஆரம்பித்தார். "உள்ள மூச்சு முட்டுது! யாராவது வாங்களேன்!" என்ற அவர் குரல் அலகுக்குள்ளிருந்து வந்தது. கண்காணிப்பாளர் ஓடி வந்தார். எழுத்தர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் வாலைப் பிடித்து இழுத்தார், ஒருவர் கொண்டையைப் பிடித்து இழுத்தார். இயக்குநரும் வந்துவிட்டார்.

"கத்தரிக்கோல் எடுத்துக் கிழிங்கய்யா!" என்றார் அவர்.

"சார்," என்றார் கண்காணிப்பாளர், "இது அரசாங்கச் சொத்து. இருப்புப் பதிவேட்டுல ஏறிடுச்சு. கிழிக்கணும்னா எழுத்துல உத்தரவு வேணும். நாளைக்குத் தணிக்கையில கேட்பாங்க."

"ஒரு மனுஷன் உள்ள இருக்கான்யா!"

"மனுஷன் பதிவேட்டுல இல்ல சார்."

உத்தரவு எழுதுவதென்று முடிவாயிற்று. கிழிப்பதா, அறுப்பதா, எந்தச் சொல் சரி என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. கழுகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தது.

வெளியே பொக்லைன் உறுமிக்கொண்டு வந்தது. டெம்போக்காரர் ரிப்பனை அறுக்கவில்லை. பின்பக்கம் இரண்டு கம்புகளை மட்டும் பிடுங்கி, துணியைத் தூக்கிப் பிடித்தார். பொக்லைன் மாட்டை அலுங்காமல் வாரி எடுத்துக் குழியில் இறக்கியது. ஒரு மூட்டைச் சுண்ணாம்பு, அதன்மேல் நாலடி மண். பிறகு கம்புகளை மறுபடியும் நட்டு, துணியை முன்னிருந்த மாதிரியே இழுத்துவிட்டார். உள்ளே வெறும் தரை.

பொக்லைன் சத்தத்துக்கு இரண்டாவது கழுகு பறந்துவிட்டது; முதலாவது மட்டும் நகராமல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. டெம்போக்காரர் அதன் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்காத," என்றார். "நாளன்னிக்கு நல்லதா ஒண்ணு கொண்டாறேன்." பதினான்கை அள்ளிய கை அது. இந்த ஒன்றைத் துரத்திவிடுவதற்கு அந்தக் கையைத் தட்டினார். கழுகு தத்தித் தத்தி ஓடி, எழும்பிப் பறந்தது.

நாலு மணிக்குக் கான்கிரீட் வண்டி வந்து மீதிக் குழியை நிரப்பிவிட்டுப் போனது. நாலரைக்குக் கூடாரத்திலிருந்து அலுவலரை வெளியே எடுத்தார்கள்.

புதன்கிழமை விழா சிறப்பாக நடந்தது. விடியற்காலையில் கிரேனால் தூக்கி வைத்த சிலை, கான்கிரீட் சரியாக இறுகாததால் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து நின்றது. பறக்க முயலும் நிலை என்று அறிவிப்பாளர் விளக்கினார். ஒட்டுப்போட்ட உடையில் விழிப்புணர்வு அலுவலர் ஆடியதைப் பார்த்து அமைச்சர், "மயில் நல்லாயிருக்கு" என்று பாராட்டினார்.

பிறகு அமைச்சர் பேசினார்.

"தூய்மைத் தூதர் அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. எங்கே எது விழுந்தாலும் அவர்களுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. தெரிந்த உடனே கூட்டமாக வந்து சேர்கிறார்கள். சண்டை போட்டாலும் கடைசியில் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எலும்பைத் தவிர எதையும் மிச்சம் வைப்பதில்லை. எத்தனை பேர் முகம் சுளித்தாலும் பொருட்படுத்துவதில்லை. என் துறையும் இதே வழியில்தான் நடந்துகொண்டிருக்கிறது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அமைச்சர் இறங்கி வந்து ரிப்பனை வெட்டினார். கேமராக்கள் நெருங்கின. அவர் பச்சைத் துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

மாடு இல்லை.

கடைசி வரிசையில் நின்ற டெம்போக்காரரும் அவர் மனைவியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் போயிற்று, ஜெயிலும் உண்டு என்றுதான் அவர் நினைத்தார். இயக்குநரின் முகம் வெளுத்து, சிவந்து, மறுபடி பழைய நிறத்துக்கு வந்தது. அவர் மைக்கை எடுத்தார்.

"இதுதான்!" என்று முழங்கினார். "இதுதான் தூய்மைத் தூதர் அவர்களின் மகத்துவம்! நேற்று மத்தியானம் இந்த இடத்தில் நானூறு கிலோ எடையுள்ள மாடு இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். இன்று எங்கே? எலும்புகூட இல்லை! கட்டிய ரிப்பன் கட்டியபடி இருக்க, போட்ட துணி போட்டபடி இருக்க, கடமையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!"

முதலில் கைதட்டியவர் அமைச்சர். அண்ணாந்து பார்த்து, வெகு உயரத்தில் புள்ளிகளாகச் சுற்றிக்கொண்டிருந்தவற்றைக் காட்டி, "அவங்களா அது? ஏன் கீழ வரல?" என்று கேட்டார்.

"வயிறு நிறைஞ்சிருக்கு சார்," என்றார் இயக்குநர்.

விழா முடிந்து அலுவலகம் கையைத் தட்டிக்கொண்டு போன பிறகு, டெம்போக்காரர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். வியாழக்கிழமை காலை பால் ஊற்றும் இடத்துக்குப் போய், வரிசையில் நின்ற மாட்டுக்காரர்களிடம் பேசினார். "அந்த வலி ஊசி போட்ட மாட்டைத் தின்னா கழுகு செத்துடுது. கழுகு இல்லன்னா செத்த மாடு அழுகி, நாய் பெருகி, நோய் நம்ம தொழுவத்துக்கே திரும்பி வரும். மெலாக்சிகம்னு வேற மருந்து இருக்கு. அது மாட்டுக்கும் கேட்கும், கழுகையும் கொல்லாது. டாக்டர்கிட்ட அதைக் கேளுங்க." மொத்தம் ஒரு நிமிஷம் ஆயிற்று. பால்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு யாருமே சொல்லலையே. ஒரு வாரமா மைக்ல என்னமோ தூதர் தூதர்னு கத்துனாங்க, நான் வெளிநாட்டுக்காரர் யாரோ வர்றாருன்னு நினைச்சேன்" என்றார். ஊசிக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனதும் பால்காரர்தான்.

வெள்ளிக்கிழமை கிழட்டுக் குதிரை ஒன்று வயதாகிச் செத்தது. ஊசி கீசி எதுவும் இல்லை. திடலில் நாற்காலிகளை இன்னும் எடுக்கவில்லை என்பதால் டெம்போக்காரர் அதைக் குவாரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கினார். எட்டுக் கழுகுகள் வந்தன. ஒன்பதாவது முட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரம் இயக்குநர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்ற முடிவோடுதான் அவர் போனார். "சார், அந்த மாடு..." என்று ஆரம்பித்தார்.

"அருமையான மாடு," என்றார் இயக்குநர். தன் பேச்சை அவர் அறிக்கையாகத் தட்டச்சு செய்து மேலிடத்துக்கு அனுப்பியிருந்தார். மேலிடம் பாராட்டி எழுதியிருந்தது. தட்டச்சும் ஆகி, பாராட்டும் வந்த பிறகு அதில் சந்தேகப்பட அவருக்கு ஒரு காரணமும் இல்லை. "அதை விடு. சிலைக்குக் கீழ ஒரு கல்வெட்டு வைக்கிறோம். பொதுமக்கள் கருத்துன்னு ஒரு வரி வேணும். நீ அந்தத் திடலுக்கே பழகினவன். சிலையைப் பத்தி என்ன நினைக்கிற? பயப்படாம உண்மையைச் சொல்லு."

டெம்போக்காரர் யோசித்தார். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அந்தச் சிலை மட்டும் வைக்கலன்னா ஒன்பது கழுகும் செத்திருக்கும் சார்," என்றார்.

இயக்குநர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கல்வெட்டு பத்து நாளில் வந்துவிட்டது. கணவனும் மனைவியும் பார்க்கப் போனார்கள். சாய்ந்து நிற்கும் சிலைக்கு அடியில், கருங்கல்லில், தங்க நிற எழுத்தில், அந்த வரி அப்படியே இருந்தது. 'கழுகும்' என்ற இடத்தில் மட்டும் 'தூய்மைத் தூதர் அவர்களும்' என்று திருத்தியிருந்தார்கள். கீழே 'ஒரு குடிமகன்' என்று போட்டிருந்தது. மனைவி அதை வாய்விட்டுப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு சிலையின் பீடத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

காவலாளி குச்சியைத் தட்டிக்கொண்டு வந்தார். "இந்தாம்மா, இங்க சிரிக்கக் கூடாது. அமைதியா நின்னு உணர்வு பெறணும்."

"பெற்றாச்சுங்க," என்றார் அவர், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "அரசாங்கம் கல்லுல எழுதி வச்சு நான் படிச்சதுல, இது ஒண்ணுதான் எழுத்துக்கு எழுத்து உண்மை."

காவலாளிக்கு அது பிடித்திருந்தது. பொதுமக்கள் கருத்து என்று நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்.